தாயுமானவருக்கு ஒரு வாழைத்தார்

மூன்று நாள் முன்னாடியே மண்டிக்குப் போய்ச் செங்காயாகப் பார்த்து வாங்கிவிடு, பூவன் நன்றாகக் கனிந்துவிட்டால் படி ஏறும்போதே உதிரும் என்று அம்மா போனில் படித்துப் படித்துச் சொன்னாள். திருச்சியில் இருக்கும் தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாங்கி வைத்திருப்பான். ஆனால் வேண்டுதல் என்னுடையது, தாரும் என் கையால் வாங்கியதாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் விடிகாலை வந்து இறங்கி, தம்பி வீட்டில் குளித்துவிட்டு, வெள்ளிக்கிழமையும் அதுவுமாகக் காந்தி மார்க்கெட் பக்கம் போனால் செங்காய்க்கு எங்கே போவது? பத்துச் சீப்பு, மஞ்சள் மஞ்சேரென்று ஒரு தார் தொங்கியது. 700 ரூபாய் சொன்னார், 600க்கு முடிந்தது. ஆட்டோவில் காத்திருந்த அம்மா அதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

என் மகளுக்கு எட்டாம் மாதம் ஸ்கேன் எடுத்தபோது குழந்தையின் தலை மேலே இருந்தது. இன்னும் நாள் இருக்கிறது, திரும்பிவிடும் என்றார் டாக்டர். எனக்குக் கை கால் ஓடவில்லை. அம்மாவைக் கூப்பிட்டேன். "அழாத. மஞ்சத் துணியில 11 ரூபா முடிஞ்சு வை. தாயுமானவருக்கு ஒரு தார் வேண்டிக்கோ. அப்புறம் டாக்டர் சொல்றதை மட்டும் கேளு" என்றாள். திருச்சியில் பிறந்த பெண்ணுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. காவிரி வெள்ளத்தில் தாய் வந்து சேர முடியாமல் தவித்த ரத்தினாவதிக்கு, சிவனே அவள் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தாராம்; அதனால்தான் மலைக்கோட்டைச் சிவனுக்குத் தாயுமானவர் என்று பெயர். என் மகள் பிறந்தபோதும் இதே சன்னிதிக்குத் தார் போனது, அப்போது அம்மாவே சும்மாடு கட்டித் தூக்கிக்கொண்டு ஏறினாள்.

இப்போது அவளுக்கு 70 தாண்டிவிட்டது. இரண்டு முட்டியும் தேய்ந்து போயிருக்கிறது. நீ வராதேம்மா, பிரசாதம் கொண்டு வந்து தருகிறோம் என்று தம்பி எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். "தார் போகுது, நான் போகாம இருக்கறதா?" என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆட்டோவில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

கீழே கடைவீதிக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். துணி எடுக்க வந்தவர்கள் பாதி, நகை எடுக்க வந்தவர்கள் பாதி, நடுவில் ஐந்து மாதக் குழந்தையோடு நாங்கள். செருப்பு இங்கே விடுங்கள், அர்ச்சனைத் தட்டு இங்கே வாங்குங்கள் என்று நாலு பக்கமும் கையைப் பிடித்து இழுத்தார்கள். வேட்டி கட்டிய ஒருவர் மாப்பிள்ளையின் தோளில் இருந்த தாரைப் பார்த்துவிட்டு நேரே வந்தார். "நேர்த்திக்கடனா? கூட்டம் ஜாஸ்திங்க. நானே கூட்டிட்டுப் போய் முன்னாடி நிக்க வைக்கிறேன், 500 குடுங்க." மாப்பிள்ளை பர்ஸை எடுக்கப் போனார். அம்மா அந்த ஆளை மேலும் கீழும் பார்த்து, "தாய் வீட்டுக்குப் போறோம்ப்பா, தரகர் எதுக்கு?" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைத் தேடிப் போய்விட்டார்.

மாணிக்க விநாயகருக்குத் தோப்புக்கரணம் போட்டுவிட்டுப் படியேற ஆரம்பித்தோம். உச்சி வரை 417 படிகள். தாயுமானவர் சன்னிதி அதற்குக் கீழேயே வந்துவிடும் என்றாலும், முட்டி தேய்ந்தவளுக்கும் வயிற்றில் தையல் போட்டவளுக்கும் அதுவே கயிலாயம்தான். அம்மாவும் மகளும் மாற்றி மாற்றி உட்கார்ந்தார்கள். குழந்தை என் தோளில் தூங்கிவிட்டது. என் மகள் ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டு வந்தாள். "எண்ணாதடி. எண்ணினா இன்னும் எவ்வளவு இருக்குன்னுதான் தெரியும். ஏதாவது கதை பேசிக்கிட்டே வா" என்று அம்மா அதட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இதே படியில், இதே வார்த்தையை, பாவாடை சட்டையில் நான் வாங்கியிருக்கிறேன்.

அம்மா பயந்தது அப்புறம் நடந்தது. முதலில் ஒரு பழம் பொத்தென்று விழுந்தது. பிறகு இரண்டு. மாப்பிள்ளை பாவம், திரும்பிப் பார்த்தால் இன்னும் நாலு உதிர்கிறது. நடுவில் அந்த மனிதருக்கு நடக்கவும் பயம், நிற்கவும் பயம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாமிக்கென்று கொண்டுவந்தது படியில் கிடக்கிறதே! அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே, "பொறுக்கு. மேல போனா சாமி, கீழ விழுந்தா சனம். ஏறி வர்ற பிள்ளைங்களுக்குக் குடு" என்றாள். சீருடையில் வந்த நாலைந்து பள்ளிக்கூடப் பையன்கள் தாங்களாகவே பொறுக்கித் தோலை உரித்துத் தின்றுவிட்டு, மீதித் தாரைப் பார்த்துக்கொண்டே எங்கள் பின்னால் வந்தார்கள். சன்னிதிக்குப் போய்ச் சேரும்போது தாரின் அடிப்பக்கம் இரண்டு சீப்பு மொட்டையாகியிருந்தது.

அதற்கு முன்னால் படியில் நடந்த ஒரு பேச்சை எழுத வேண்டும். என் மகள் கேட்டாள்: "அம்மாச்சி, வேண்டிக்கிட்டது சுகப்பிரசவத்துக்கு. எனக்குக் கடைசியில சிசேரியன்தானே ஆச்சு? அப்புறம் எதுக்குத் தார்?" கிண்டலாகக் கேட்கவில்லை. ஐந்து மாதமாக அவள் மனதில் கிடந்த கேள்வி அது. குழந்தை திரும்பவே இல்லை, வலி வந்த அன்று இரவே ஆபரேஷன். அதில் தன் பங்குக்கு ஏதோ குறை வைத்துவிட்டதாக அவளுக்கு ஒரு நினைப்பு. பார்க்க வந்த உறவுக்காரர்களும் சும்மா இருந்தார்களா? அந்தக் காலத்தில் நாங்கள் எல்லாம் என்று ஆரம்பித்து ஆளுக்கொரு ஊசி குத்திவிட்டுத்தான் போனார்கள்.

அம்மா முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தாள். "ஒத்தை உயிராப் போன. ரெட்டை உயிரா வந்து என் முன்னாடி உக்காந்திருக்க. இது சுகம் இல்லாம வேற என்னடி? கத்தி வச்ச டாக்டர் கையில யார் இருந்தான்னு நீ பார்த்தியா?" கொஞ்ச நேரம் கழித்து, "சாமிகிட்ட ரசீது கேக்கக் கூடாது" என்றாள். மகள் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு படியை எண்ணவும் இல்லை.

சன்னிதியில் நல்ல கூட்டம். அந்தப் பெரிய லிங்கத் திருமேனியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மூச்சு ஒரு நொடி நின்றுதான் வரும். மேற்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறார். தன் பூஜைக்கென்று முனிவர் வளர்த்த செவ்வந்திப் பூவை யாரோ திருடிக் கொடுக்க, அதை வாங்கிக்கொண்ட மன்னன் மேல் கோபம் வந்து, உறையூர்ப் பக்கம் திரும்பி மண்மாரி பொழிய வைத்தார், அதில் ஊரே கூரை இழந்ததால்தான் வெக்காளியம்மன் இன்றைக்கும் வெயிலிலும் மழையிலும் இருக்கிறாள் என்பது எங்கள் ஊர்க் கதை. என் கல்யாணத்துக்கு முதல் நாள் அம்மா இந்தக் கதையை வேறு மாதிரி சொன்னாள். "அவருக்குக் கோவம் வந்துச்சு. ஆனா அந்தப் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கலை பாரு, ஊரைப் பார்த்துத்தான் திரும்பினார். இன்னி வரைக்கும் பார்த்துக்கிட்டே இருக்கார். நீயும் சண்டைன்னா நேருக்கு நேர் நின்னு போடு. திரும்பிப் படுத்துக்காத." கோவிலில் புராணம் சொல்கிறவர்கள் இந்த அர்த்தத்தை ஒத்துக்கொள்வார்களா தெரியாது. என் இருபத்தைந்து வருடக் குடித்தனம் இதில்தான் ஓடுகிறது.

தாரை வாங்கி வைத்துவிட்டு, யார் பேருக்கு அர்ச்சனை என்று குருக்கள் கேட்டார். அம்மா முந்திக்கொண்டு மகள் பெயர், நட்சத்திரம், மாப்பிள்ளை பெயர், கொள்ளுப்பேத்தி பெயர் எல்லாம் சொன்னாள். என் பெயரையும் சொன்னாள். அப்புறம் ஒரு பெயர் சொன்னாள். எனக்குத் தெரிந்து எங்கள் சொந்தத்தில் அந்தப் பெயரில் யாரும் இல்லை.

"நட்சத்திரம்?"

"தெரியாது சாமி."

"சரி, சுவாமி நட்சத்திரத்துக்கே பண்ணிடறேன்" என்று அவர் உள்ளே போனார். தீபாராதனை. மணிச் சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டு அந்த வெளிச்சத்தையே பார்த்தது. திரும்பிப் பார்த்தால் அம்மா அழுகிறாள். அப்பா போனபோதுகூட நாலு பேர் முன்னால் அழாதவள். ஏன் என்று தெரியாமலே நானும் அழுதேன். என்னைப் பார்த்து என் மகள். அப்பனே, தாயே, உன்னிடம் என்ன கேட்க வந்தேன் என்பதே மறந்து போச்சு. கொடுத்தது போதும், கொடுத்தது போதும் என்றுதான் வாய் முணுமுணுத்தது. பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள், நகரச் சொன்னார்கள், ஒரு அம்மாள் என் காலை மிதித்தேவிட்டார். எதுவும் உறைக்கவில்லை.

மட்டுவார்குழலி அம்மையைக் கும்பிட்டுவிட்டு ஒரு தூண் ஓரமாக உட்கார்ந்தோம். சுற்றி இருந்தவர்களுக்கெல்லாம் பழம் கொடுத்தோம், பையன்கள் இரண்டாவது சுற்றும் வந்தார்கள். யாரம்மா அது என்று கேட்டேன்.

நான் பிறந்தது 1977 நவம்பரில், திருச்சி வெள்ளத்தின்போது. எங்கள் வீட்டில் அது ஆயிரம் தடவை சொன்ன கதை. உறையூரில் வாடகை வீடு, பொன்மலை ரயில்வே பட்டறைக்கு வேலைக்குப் போன அப்பா திரும்ப வழியில்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டது, ராத்திரியில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது, சொன்ன நாளுக்குப் பதினைந்து நாள் முன்னாலேயே அம்மாவுக்கு வலி எடுத்தது, அம்மாச்சி லால்குடிப் பக்கத்திலிருந்து வர முடியாமல் தவித்தது. எல்லாம் தெரியும். பிரசவம் பார்த்தது யார் என்று மட்டும் நான் கேட்டதே இல்லை. கதையில் 'ஒரு ஆயா' என்று வரும், அவ்வளவுதான்.

தெருமுனையில் இட்லி சுட்டு விற்றவளாம். இடுப்பளவுத் தண்ணீரில் அம்மாவைத் தாங்கிக்கொண்டு பக்கத்து மாடிக்குக் கூட்டிப் போனது அவள்தான். விறகெல்லாம் நனைந்துவிட, யார் வீட்டிலிருந்தோ மண்ணெண்ணெய் ஸ்டவ் கொண்டுவந்து வெந்நீர் வைத்திருக்கிறாள். விடிய விடியத் தலையைக் கோதிவிட்டு, "நான்தாண்டி உன் ஆத்தா, முக்கு" என்றே சொல்லிக்கொண்டிருந்தாளாம். நாலாம் நாள் அம்மாச்சி அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தபோது, அந்த ஆயா காலை நீட்டி என்னைப் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அம்மாச்சி வாசலிலேயே நின்று அவளைக் கையெடுத்துக் கும்பிட்டாளாம்.

"அப்புறம் பொன்மலைக்கு மாறிட்டோம். அவ செத்தப்ப சேதி வந்துச்சு. உன் தம்பி வயித்துல இருந்தான், மாசமா இருக்கறவ போகக் கூடாதுன்னுட்டாங்க. நான் போகல." அம்மா வாழைப்பழத் தோலை நாலாக மடித்து, எட்டாக மடித்தாள். "ரத்தினாவதிக்கு வந்தவரு எனக்கும் வந்தாரு. எனக்கு வந்தவருக்கு நான் ஒரு சீப்புப் பழம்கூடக் குடுத்ததில்ல."

உச்சிப் பிள்ளையாரைப் பார்க்காமல் இறங்கக் கூடாது என்று என்னையும் மாப்பிள்ளையையும் விரட்டினாள். வைகாசி வெயிலில் பாறை கொதித்தது, ஓடித்தான் ஏறினோம். மேலே நின்றால் காவிரி, அந்தப் பக்கம் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம், இந்தப் பக்கம் உறையூர். எத்தனையோ முறை பார்த்த ஊர்தான். அன்றைக்கு உறையூர்ப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளையாரிடம் என்ன வேண்டினேன் என்று சத்தியமாக ஞாபகமில்லை.

இறங்கும்போது தாரில் ஒரே ஒரு சீப்பு மிச்சம். அதை யாருக்கும் கொடுக்க விடாமல் அம்மா மடியில் வைத்துக்கொண்டாள். ஆட்டோக்காரரிடம், "உறையூர் போய்ட்டுப் போப்பா" என்றாள். வீடு திரும்பும் வழியே இல்லை அது, மீட்டருக்கு மேல் எவ்வளவு கேட்பாரோ என்று எனக்குக் கவலை. பழைய தெருவைக் கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. நாங்கள் இருந்த வீடு இடிந்து மூன்று மாடியாக நிற்கிறது. இட்லிக்கடை இருந்த முனையில் இப்போது ஒரு செல்போன் ரீசார்ஜ் கடை. இருபது வயசுப் பையன் ஒருவன் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி, அந்தச் சீப்பை அவன் முன்னால் கண்ணாடி மேஜையில் வைத்தாள். அவன் பழத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன பாட்டி, என்ன விசேஷம்?"

"பொண்ணு பொறந்திருக்குப்பா" என்றாள் அம்மா.