இன்ஜின் ஆறியிருக்கும்போது வந்து பாருங்கள்

அந்தக் காரைப் பார்க்கப் போனபோதே இன்ஜின் சூடாக இருந்தது. "இப்பதான் சார் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன், ஒரு குறையும் இல்ல" என்றார் விற்றவர். சீட், பெயின்ட், டயர் எல்லாம் பார்த்தேன். ஓட்டியும் பார்த்தேன். இருபது வயது தாண்டிய வண்டிக்கு நன்றாகவே ஓடியது, வாங்கிவிட்டேன். சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்க முடியாது, அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடித்துவிடும். அதனால் நான் பார்க்க வேண்டிய ஒரே இடத்தைப் பார்க்காமல் வந்திருக்கிறேன் என்பது மூன்று நாள் கழித்துத்தான் உறைத்தது.

மூன்றாம் நாள் நெரிசலில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் மேலே ஏறியது. சாலை திறந்து வேகம் எடுத்ததும் தானாக இறங்கியது. வேகத்தில் எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கும், நிற்கும்போது ஃபேன்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். எனவே ஃபேன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் காலை, ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்தபோது உள்ளே இருந்தது துருநீர். இன்ஜினைக் குளிர்விக்க ஊற்ற வேண்டிய கூலன்ட் என்ற திரவத்தின் சுவடே இல்லை. பல வருடங்களாக வெறும் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள்.

கூலன்ட் கொதிநிலையை உயர்த்தும் என்று எல்லோருக்கும் தெரியும். கூலன்ட்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்கால், தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். மூடி 1 பார் அழுத்தத்தைத் தாங்கினால் அது கிட்டத்தட்ட 130 டிகிரிவரை போகும். ஆனால் பழைய வண்டிக்கு அதைவிடப் பெரிய உதவி, அதில் கலந்திருக்கும் துருத்தடுப்பு ரசாயனங்கள். வார்ப்பிரும்பு பிளாக்கும் (இன்ஜினின் உடல்) அதை மேலே மூடும் அலுமினிய ஹெட்டும் உள்ள இன்ஜினில் வெறும் தண்ணீர் ஓடினால் இரண்டையும் சேர்த்து அரிக்கும். என் வண்டியில் மூடியின் ரப்பரும் வெடித்திருந்தது. அழுத்தமே நிற்கவில்லை, தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்துக்கொண்டிருந்தது.

உடனே பார்ட்ஸ் வாங்க ஓடாமல் இருந்தது நான் செய்த ஒரே நல்ல காரியம். மெக்கானிக் அண்ணன்தான் தடுத்தார். "முதல்ல ஹெட் கேஸ்கெட் இருக்கா போயிடுச்சான்னு பாப்போம். அது போயிருந்தா நீ வேற எது வாங்கினாலும் வீண்தான்." பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடுதான் ஹெட் கேஸ்கெட். ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து, உள்ளிருந்து வரும் காற்றை ஒரு நீலத் திரவத்தின் வழியாக இழுத்தார். எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால் அந்த நீலம் மஞ்சளாகிவிடும். நிறம் மாறவே இல்லை. அந்தச் சில நிமிடங்கள் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

அடுத்து, சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றப் போனால், அங்கே தெர்மோஸ்டாட்டே இல்லை! சூடு ஏறினால் அதை எடுத்து எறிந்துவிடு என்ற யோசனையை இன்றும் பலர் சொல்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். அது இல்லையென்றால் இன்ஜின் வேலைச் சூட்டுக்கு வரவே நேரமாகும், எரிபொருள் கூடுதலாகப் போகும், தேய்மானம் கூடும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டுதான், சூடேறியதும் பைபாஸ் வழியை அடைக்கும். அந்த வகையில் அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றும், சூடு குறைவதற்குப் பதில் ஏறும். என் வண்டி அந்த வகை. புதிதாக வாங்கியதைக்கூட மாட்டும் முன் ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வைத்துப் பார்த்தேன். 82 டிகிரி என்று அச்சிட்டிருந்தது, அதையொட்டியே திறக்கத் தொடங்கியது.

பார்ட்ஸ் வாங்குவதில்தான் நான் அதிகம் அடிபட்டேன். ரேடியேட்டரின் மேல் தொட்டியில் முடி அளவு விரிசல். பழைய காலத்துச் செம்பு-பித்தளை ரேடியேட்டராக இருந்தால் தொட்டியைக் கழற்றி, குழாய்களைக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்து, மறுபடி பற்றவைத்து விடலாம். என்னுடையது அலுமினியக் கோர் (நடுவிலுள்ள குழாய்த் தொகுதி), பிளாஸ்டிக் தொட்டி. வருடக்கணக்கில் சூடு பட்ட பிளாஸ்டிக் நொறுங்கும், ஒட்டினாலும் நிற்காது. காயலான் கடையில் அதே மாடலுடையது ஒன்று கிடைத்தது. வெளியே பளிச்சென்று இருந்ததால் வாங்கினேன். மாட்டிய அன்றே தொட்டியும் கோரும் சேரும் விளிம்பில் கசிந்தது. பிறகு கவனித்தால் அந்த விளிம்பு நெடுக வெள்ளையாகவும் பச்சையாகவும் உப்புப் பூத்த தடம். வாங்கும்போதே அங்கு பார்த்திருக்க வேண்டும். விரலால் தடவினால் குழாய்களுக்கு இடையிலுள்ள மெல்லிய தகடுகளான ஃபின் உதிர்கிறதா என்றும் பார்த்திருக்க வேண்டும். காற்றழுத்தம் கொடுத்துச் சோதித்துக் காட்டாத பழைய ரேடியேட்டரை இனி தொடமாட்டேன். ஃபேன் கூடு, ரிசர்வ் டப்பா, பிராக்கெட் போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம். ஹோஸ், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், மூடி இவற்றைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

புதியது வாங்கினாலும் தவறு நடக்கும். வாட்டர் பம்ப்பை மாடல் பெயர், வருடம் மட்டும் சொல்லி வரவழைத்தேன். போல்ட் துளைகள் அச்சாகப் பொருந்தின. ஆனால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்தபோது உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் இறக்கைகள் எதிர்த்திசையில் வளைந்திருந்தன. அதே இன்ஜினுக்கு இரண்டு பெல்ட் அமைப்புகள் இருந்திருக்கின்றன. ஒற்றை நீள பெல்ட்டின் முதுகுப்பக்கம் பம்ப்பைச் சுற்றினால் பம்ப் தலைகீழாகச் சுழலும், அதற்கேற்ற இறக்கையும் வேறு. மாட்டியிருந்தால் சுழன்றுகொண்டே இருக்கும், தண்ணீரை ஒழுங்காகத் தள்ளியிருக்காது. கழற்றிய பம்ப் கையில் இல்லாமல் புதியது வாங்கக் கூடாது. இறக்கையின் வளைவு, கேஸ்கெட் முகத்திலிருந்து இம்பெல்லர்வரை உள்ள ஆழம் இரண்டையும் ஒப்பிட வேண்டும். கீழ் ஹோஸில் உள்ளே சுருள் கம்பி இருந்தால் புதியதிலும் அது வேண்டும். பம்ப் உறிஞ்சும் பக்கம் அது, கம்பி இல்லாவிட்டால் ஹோஸ் அமுங்கிச் சப்பையாகிவிடும்.

ஃபேன் மோட்டார் நன்றாகத்தான் இருந்தது, அதை இயக்கும் ஸ்விட்சைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. காய்ச்சி வடித்த நீர் விட்டு மூன்று முறை அலசிய பிறகே துரு நிறம் போனது. முகப்பை உயர்த்தி நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து வைத்துக் காற்றை வெளியேற்றினோம். கடைசியில் கூலன்ட் கலந்து அளந்து ஊற்றினோம். கிளைக்கால் இனிக்கும், கொஞ்சம் நக்கினாலே நாய் பூனை செத்துப்போகும், குழந்தைகளுக்கும் ஆபத்து. கீழே சிந்தியதை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

இரண்டு வருடம் ஓட்டினேன். முள் நடுவிலேயே நின்றது. விற்க முடிவு செய்தபோது விளம்பரத்தில் எல்லாவற்றையும் எழுதினேன்: முந்தைய துரு, ஹெட் கேஸ்கெட் சோதனை, மாற்றிய பாகங்கள், பிளாக்கின் பின்புறம் தண்ணீர் வழியின் துளையை அடைக்கும் ஒரு கோர் பிளக் இன்னும் பழையதுதான் என்பது. காலையில் வரச் சொன்னேன். விளம்பரத்தைப் படித்துவிட்டுச் சிலர் பாதியில் விலகினார்கள், அது அவர்கள் உரிமை. வந்தவர்களில் ஒரு பெரியவர் முதல் வேலையாக பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "ஸ்டார்ட் பண்ண வேண்டாம் தம்பி, மூடியை மட்டும் திறங்க" என்றார். திறந்தேன். ரேடியேட்டர் வாயின் உட்புறத்தை விரலால் வழித்துப் பார்த்தார், துரு இல்லை. அதற்குப் பிறகுதான் சாவியைக் கேட்டார்.

விலை பேசி முடிந்ததும் மிச்சமிருந்த கூலன்ட் கேனையும் பில்களையும் அவரிடமே கொடுத்தேன். வேறு வகைக் கூலன்ட்டை அதோடு கலந்தால் கூழாகி அடைக்கலாம் என்பதால் கேனின் லேபிளைக் கிழிக்க வேண்டாம் என்று சொன்னேன்.

அந்தத் தவறான பம்ப் மட்டும் என் அலமாரியில் மிஞ்சியது. மாடல் பெயரோடு இறக்கையின் வளைவுத் திசையையும் ஆழத்தையும் எழுதி, இம்பெல்லர் தெரியும்படி படம் எடுத்துப் போட்டேன். வாங்க விரும்பியவரிடம், கழற்றிய பழைய பம்ப்பை அதே கோணத்தில் படம் எடுத்து அனுப்புங்கள் என்றேன். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வளைவு ஒன்றாக இருந்தது. அன்று மாலையே கட்டி அனுப்பிவிட்டேன்.