டி-டைமர் எண்ணைப் பார்த்து ஹெப்பாரின் அளவை ஏற்றாதீர்கள்

கொரோனா நோயாளிக்கு டி-டைமர் (ரத்தக்கட்டி கரையும்போது ரத்தத்தில் சேரும் புரதத் துண்டு) 1200 என்று ரிப்போர்ட் வந்தால், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினை ஏற்றுமுன் முதலில் அலகைப் பாருங்கள். எஃப்.இ.யு.வில் (ஃபைப்ரினோஜன் சமான அலகு) வரும் எண், டி.டி.யு.வில் (டி-டைமர் அலகு) வருவதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. லேபை மாற்றிவிட்டு ‘ஒரே நாளில் இரட்டிப்பு’ என்று பதறினால் அது வெறும் கணக்குப் பிசகாக இருக்கலாம்.

வைரஸும் அழற்சியும் சேர்ந்து ரத்தக் குழாயின் உட்சுவரைப் புண்ணாக்குகின்றன. அங்கிருந்து வான் வில்லிபிராண்ட் காரணி என்ற ஒட்டுப் புரதம் வெளியேறுகிறது, பிளேட்லெட்டுகள் (ரத்தத் தட்டணுக்கள்) ஒட்டுகின்றன, நியூட்ரோபில்கள் என்ற வெள்ளணுக்கள் தங்கள் டி.என்.ஏ.வையே வலையாக வீசுகின்றன. ரத்தக்கட்டி காலிலிருந்து கிளம்பி வரவேண்டும் என்பதில்லை, நுரையீரலின் நுண்குழாய்களிலேயே உருவாகிவிடும். 2020இல் வந்த பிரேத ஆய்வு ஒன்றில், எச்1என்1 காய்ச்சலில் இறந்தவர்களைவிட இத்தகைய நுண்கட்டிகள் 9 மடங்கு. தலா 7 பேரின் நுரையீரல்தான். சின்ன ஆய்வு, ஆனால் படம் தெளிவு.

கொரோனாவில் ஃபைப்ரினோஜன் (ரத்தத்தை உறையவைக்கும் புரதம்) பெரும்பாலும் ஏறியே இருக்கும். அதுவும் பிளேட்லெட்டும் சேர்ந்து சரிந்தால் கதை வேறு: டி.ஐ.சி. (உடல் முழுதும் ரத்தம் உறைந்து, உறைபொருட்களே தீர்ந்துபோகும் நிலை), காரணம் பெரும்பாலும் செப்சிஸ் எனும் கடும் தொற்று.

சரி, எவ்வளவு ஹெப்பாரின்? 2021இல் வெளியான பெரிய சோதனைகளின் பதில் பலருக்கும் வியப்பு. வார்டில் இருப்பவருக்கு, ரத்தக்கசிவு அபாயம் குறைவென்றால், முழு அளவு பலன் தந்தது: எனாக்சபாரின் (ஹெப்பாரினின் ஒரு வகை) உடல் எடையில் கிலோவுக்கு 1 மி.கி., 12 மணிக்கு ஒருமுறை. டி-டைமர் அதிகமோ குறைவோ, பலன் இருந்தது. ஐ.சி.யூ.வில் அதே அளவு உதவவில்லை, பெரிய ரத்தக்கசிவுதான் கூடியது. கட்டி உறுதியாகாதவரை அங்கே தினம் 40 மி.கி. தடுப்பு அளவே போதும். நோய் முற்றமுற்ற மருந்தையும் ஏற்றும் வழக்கமான புத்தி இங்கே எடுபடாது. ஈரானில் ஐ.சி.யூ. நோயாளிகளிடம் சோதித்த இடைப்பட்ட அளவும் தோற்றது.

கிரியேட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் வடிகட்டும் திறனின் அளவு) நிமிடத்துக்கு 30 மி.லி.க்குக் கீழே போனால் எனாக்சபாரின் உடலில் தேங்கும். அளவைக் குறையுங்கள், அல்லது சாதா ஹெப்பாரினுக்கு மாறுங்கள். சாதா ஹெப்பாரினை டிரிப்பில் ஓட்டும்போது ஏ.பி.டி.டி.யை (ரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் பரிசோதனை) மட்டும் நம்புவது ஆபத்து. காரணி 8 என்ற உறைபுரதம் எகிறியிருப்பதால் ஏ.பி.டி.டி. நீளாது, நாம் அளவை ஏற்றிக்கொண்டே போவோம். ஹெப்பாரினின் வீரியத்தை நேரடியாக அளக்கும் ஆன்டி-Xa பரிசோதனை கிடைத்தால் 0.3 முதல் 0.7க்குள் வையுங்கள்.

ஹெப்பாரின் தொடங்கி 5 முதல் 10 நாளுக்குள் பிளேட்லெட் பாதியாகக் குறைந்தால், வைரஸ்மேல் பழியைப் போடாமல் ஹெப்பாரினைச் சந்தேகியுங்கள். எல்லா ஹெப்பாரினையும் நிறுத்தி, வேறு வகை உறைவெதிர் மருந்துக்கு மாறவேண்டும். லைனைக் கழுவும் ஹெப்பாரின் ஃபிளஷும் நிறுத்தவேண்டியதில் அடக்கம். பெரும்பாலும் மறந்துபோவது அதுதான்.