மாஃபி என்றொரு பாஷை

2008-ல் ரியாத்துக்கு வந்த மூன்றாம் நாள், ரூமுக்குக் கீழே இருந்த பக்காலாவுக்குத் தயிர் வாங்கப் போனேன். பக்காலா என்றால் நம்மூர் மளிகைக்கடைக்கும் பெட்டிக்கடைக்கும் பிறந்த பிள்ளை மாதிரி ஒன்று. கல்லாவில் ஓர் ஏமன்காரர். பக்கெட் தயிர் படத்தைக் காட்டிக் கேட்டேன். "மாஃபி" என்றார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் மாஃபி என்றால் மன்னிப்பு. "பரவால்ல சார்" என்று சொல்லிவிட்டு முட்டை கேட்டேன். அதற்கும் மாஃபி. தயிர் இல்லாததற்கு ஒரு கடைக்காரர் இவ்வளவு வருத்தப்படுகிற ஊரை நான் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் பரமக்குடியில் இல்லாத சாமானைக் கேட்டால் கேட்டவன்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மாடிக்கு வந்து சொன்னதும் ரூமில் இருந்த மலப்புறத்து இக்கா விழுந்து விழுந்து சிரித்தார். மாஃபி என்றால் "இல்லை". அவ்வளவுதான். அதுதான் என் முதல் அரபி வார்த்தை. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அடுத்த பதினாறு வருஷத்தை ஓட்டினேன் என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை.

எனக்கு அரபி கற்றுக்கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் இந்த இக்கா. இன்னொருவர் சைட்டில் ஹெல்பராக இருந்த பங்களாதேஷ் பாய். இருவருமே அரபியைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் இல்லை. அவர்களுக்கு முன்னால் வந்த யாரோ கற்றுக்கொடுத்தது. அவருக்கு அவருக்கு முன்னால் வந்தவர். ஆறுமுக நாவலர் வந்தாலும் இலக்கணப் பிழை பிடிக்க முடியாத பாஷை அது, ஏனென்றால் இலக்கணமே கிடையாது. இருந்தால் 'ஃபீ', இல்லாவிட்டால் 'மாஃபி'. அனா என்றால் நான், இன்த்தே என்றால் நீ. "அனா ஃபீ நௌம்" என்றால் நான் தூங்குகிறேன், தூங்கினேன், தூங்குவேன் எல்லாம்தான். எப்போது என்று கேட்டால் முன்னால் 'அவ்வல்' போட்டால் இறந்தகாலம், 'புக்ரா' போட்டால் எதிர்காலம். முடிந்தது அரபி.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மொழியியல்காரர்கள் இதற்கு 'கல்ஃப் பிட்ஜின் அராபிக்' என்று பெயர் வைத்துக் கட்டுரையெல்லாம் எழுதியிருக்கிறார்கள். இது எனக்கு வெகு பின்னால்தான் தெரியும். தெரிந்திருந்தால் பயோடேட்டாவில் 'அரபி: சரளம்' என்று எழுதியிருக்க மாட்டேன்.

இந்தப் பாஷையில் என்னை மிகவும் கஷ்டப்படுத்திய வார்த்தை 'பாதேன்'. அப்புறம் என்று அர்த்தம். லீவு ஃபார்மை எடுத்துக்கொண்டு எங்கள் முதீரிடம், அதாவது மேனேஜரிடம் போவேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "பாதேன்" என்பார். என் காதில் அது "பாத்தேன்" என்றே விழும். ஊருக்கு ஃபோன் போட்டு, "முதீர் பாத்துட்டாராம், கையெழுத்துதான் பாக்கி" என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரம் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வீட்டில் மூட்டை கட்டச் சொல்லிவிட்ட பயணம் அது, ராமேஸ்வரம் போகிற திட்டம்வரை போட்டாயிற்று.

ஆனால் போகப்போக நாக்கு புரண்டுவிட்டது. லீவில் ஊருக்குப் போனால் ரியாத்திலிருந்து வரும் ஃபோனை வேண்டுமென்றே கூடத்தில் உட்கார்ந்து எடுப்பேன். "கலாஸ்! புக்ரா ஃபீ ஜீப்! மாஃபி முஷ்கில்!" என்று நான் முழங்குவதை மாமியார் வாசல்வரை வந்து கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம், "மாப்ள அரபியில பொளந்து கட்டுறாரு" என்பார். மறுமுனையில் பேசிக்கொண்டிருந்தது பாய் என்பது அவருக்குத் தெரியாது.

இதற்கிடையில் ஊர் மாறிக்கொண்டிருந்தது. நான் வந்தபோது வார விடுமுறை வியாழன், வெள்ளி. 2013-ல் அது வெள்ளி, சனி ஆனது. ஒரு மாதம் எங்களுக்குக் கிழமையே குழம்பிப் போய், ஒரு சனிக்கிழமை ஆளில்லாத ஆபீசுக்கு டை கட்டிக்கொண்டு போய் நின்றேன். தொழுகை நேரத்துக்கு ஷட்டரை இறக்கும் முன் கடைக்காரர் "ஸலா! பர்ரா!" என்று நம்மை வெளியே தள்ளுவார். பாதி வெட்டிய முடியோடு சலூன் வாசலில் இருபது நிமிஷம் நின்ற அனுபவம் எங்கள் தலைமுறைக்கு உண்டு. இப்போது நிறையக் கடைகள் மூடுவதே இல்லை. ரியாத்தின் பழைய கடைத்தெருவான பத்தா பக்கம் ஓடிக்கொண்டிருந்த, கதவு சரியாகச் சாத்தாத கோஸ்டர் பஸ்களில் "நஃபர் வாஹித், ரியாலேன்" என்று, அதாவது ஒரு ஆள், இரண்டு ரியால் என்று நீட்டினால் போதும். அந்த பஸ்ஸும் போயிற்று, அந்த வசனமும் போயிற்று. 2018-ல் தியேட்டர் வந்தது. அதே வருஷம் ஜூனில் பெண்கள் கார் ஓட்ட ஆரம்பித்தார்கள். என் முதல் பத்து வருஷத்தில் ரியாத் ரோட்டில் ஸ்டியரிங் பிடித்த ஒரு பெண்ணையும் நான் பார்த்ததில்லை.

எல்லாம் மாறியது. என் அரபி மட்டும் 2008-லேயே நின்றுவிட்டது. அது எனக்குத் தெரிந்தது, போன வருஷத் தொடக்கத்தில்.

நாங்கள் ஏசி மெயின்டனன்ஸ் பார்க்கிற ஒரு கட்டிடத்துக்குப் புதிதாக ஒரு சவுதிப் பெண் இஞ்சினியர் வந்திருந்தார். இருபத்தாறு வயசு இருக்கும். தானே கார் ஓட்டிக்கொண்டு வந்து, மொட்டை மாடிக்கு ஏறி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "பழுது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நானும் ஆங்கிலத்திலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் கூட நின்றது எங்கள் கம்பெனிக்குப் புதிதாக வந்த திருநெல்வேலிப் பையன். சீனியர் என்றால் யார் என்று அவனுக்குக் காட்ட வேண்டாமா?

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். "முஹந்திஸ், ஹாதா முக்கய்யிஃப் கர்பான். அவ்வல் ஃபீ பாரித், தஹீன் மாஃபி பாரித். மூயா கத்தீர் பர்ரா. இன்த்தே லாசிம் ஜீப் ஜதீத். பாதேன் முஷ்கில் கத்தீர்."

இந்த ஏசி கெட்டுவிட்டது, முன்பு குளிர்ந்தது, இப்போது இல்லை, தண்ணீர் நிறைய வெளியே போகிறது, நீங்கள் புதுசு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் அப்புறம் பிரச்சினை பெரிசாகும் என்று அர்த்தம். தெளிவாகத்தான் சொன்னேன் என்று இன்னமும் நினைக்கிறேன்.

அந்தப் பெண் மிகவும் மரியாதையாக, தலையைக் கொஞ்சம் சாய்த்து, கடைசிவரை கேட்டார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்: "உங்கள் தாய்மொழி கேட்க இனிமையாக இருக்கிறது. தமிழ்தானே? அதில் நிறைய அரபுச் சொற்கள் கலந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது."

திருநெல்வேலிப் பையன் சில்லருக்குப் பின்னால் போய்விட்டான். ஏதோ வால்வைப் பார்க்கிற மாதிரி. அவன் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

பாவம், அந்தப் பெண் கிண்டல் செய்யவில்லை. பள்ளிக்கூடம் முடித்ததும் வெளிநாட்டில் படிக்கப் போய்விட்டவராம். வீட்டில் டிரைவரும் பணிப்பெண்ணும் ஆங்கிலமே பேசியிருக்கிறார்கள். இந்த பாஷையை அவர் காதில் போட ஆளில்லை. போதாக்குறைக்கு நான் அவரை 'முஹந்திஸ்' என்று ஆண்பாலில் கூப்பிட்டு, ஆண்பால் 'நீ' போட்டிருக்கிறேன். நம்மூரில் ஒருவன் மேடத்தைப் பார்த்து, "வாடா இஞ்சினியர், புதுசு எடுத்துட்டு வாடா" என்று சொல்வதற்குச் சமம்.

நேராக எங்கள் பழைய முதீரிடம் போனேன். ரிட்டயர் ஆகிற வயசு, என்னோடு பதினாறு வருஷம் பேசியவர். விஷயத்தைச் சொன்னேன். கஹ்வா ஃபின்ஜானை, அதாவது காபிக் கோப்பையை, கீழே வைத்துவிட்டு, நிதானமாகக் கேட்டார்: "சதீக், அப்ப அது உங்க பாஷை இல்லையா?"

அவர் வீட்டில் இப்படிப் பேசுவதே கிடையாதாம். எங்களுக்குப் புரிய வேண்டுமே என்று கஷ்டப்பட்டு எங்கள் பாஷையைக் கற்றுக்கொண்டாராம். நாங்களோ அவருக்குப் புரிய வேண்டுமே என்று அவர் பாஷையைக் கற்றுக்கொண்டிருந்தோம். பரமக்குடி டீக்கடையில் பீகார்ப் பையனிடம் முதலாளி, "தம்பி, பானி கொண்டு வா ஹை" என்பாரே, அவன் அதைத் தமிழ் என்றும் அவர் இந்தி என்றும் நினைத்துக்கொண்டிருக்க, நடுவில் டீ மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருக்குமே, அதே கதைதான்.

ரோஷம் வந்துவிட்டது. அன்று இரவே ஃபோனில் அரபி கற்றுக்கொள்ளும் ஆப் ஒன்றை ஏற்றினேன். நாம் ஒரே ஒரு 'ஹ'வை வைத்துக் குடும்பம் நடத்துகிறோம். அங்கே ஒன்று மூச்சில், ஒன்று நெஞ்சில், ஒன்று காறித் துப்புவதற்கு ஒரு விநாடி முன்னால். 'ஐன்' என்று ஓர் எழுத்து, தொண்டையில் மீன்முள் குத்தினால் மட்டும் சரியாக வரும். இரண்டு மாதம் கட்டிலில் உட்கார்ந்து பயிற்சி செய்தேன். ரூமில் இருப்பவர்கள் எனக்கு ஆஸ்துமா என்று நினைத்தார்கள்.

முதல் அரங்கேற்றம் அதே பக்காலாவில். இப்போது அங்கே கல்லாவில் இக்காவின் மச்சான். "உரீது அன் அஷ்தரிய குப்ஸன்" என்றேன், ஒரு பிழை இல்லாமல். ரொட்டி வாங்க விரும்புகிறேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்தா சேட்டா, நியூஸ் வாயிக்குவாணோ?"

ஆப் கற்றுக்கொடுத்தது ஏட்டு அரபியாம். செய்தியில், பிரசங்கத்தில் மட்டும் வருவது. நம் டவுன் பஸ்ஸில் ஏறி, "நடத்துநரே, பயணச்சீட்டு ஒன்று நல்குக" என்று கேட்டால் எப்படியோ அப்படி. இதை அந்த ஆப் இரண்டு மாதமாக என்னிடம் சொல்லவில்லை. பணம் மட்டும் கேட்டது.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை பத்தா போக மெட்ரோ ஸ்டேஷனுக்குப் போனேன். 2024 டிசம்பரில் திறந்தார்கள். ஆறு லைன், 85 ஸ்டேஷன், டிக்கெட் நாலு ரியால், இரண்டு மணி நேரம் செல்லும். டிரைவரே கிடையாது. டிக்கெட் மெஷின் முன்னால் ஒரு சவுதிப் பெரியவர், வெள்ளைத் தாடி, கையில் பேரன். விரலால் ஸ்கிரீனைத் தொடுவதும், அது வேறெங்கோ போவதும், அவர் திட்டுவதுமாக இருந்தார். என்னைப் பார்த்ததும், "சதீக், தால் தால். ஹாதா கேஃப்?" என்றார். நண்பா, வா வா, இது எப்படி? அவர் ஊர் மெட்ரோவுக்கு நான் வழி சொல்ல வேண்டும்.

சந்தர்ப்பத்தை விடுவேனா? முதுகை நிமிர்த்தி, ஐன் எல்லாம் சரியாக வைத்து, "மாதா துரீது, யா செய்யிதீ?" என்றேன். தங்களுக்கு என்ன வேண்டும் ஐயா?

பெரியவர் கையை ஆட்டினார். "சதீக், அனா மாஃபி மாலூம் இங்கிலீஸி. அரபி கலாம்!" எனக்கு இங்கிலீஷ் தெரியாது, அரபியில் பேசு.

ஒரு நிமிஷம் அப்படியே நின்றேன். பிறகு சரி என்று, "பாபா, கம் நஃபர்?" என்றேன். எத்தனை பேர்?

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நஃபரேன்!" இரண்டு பேர்.

"தமானியா ரியால். ஜீப் கார்டு. ஹினா. கலாஸ்." எட்டு ரியால், கார்டைக் கொண்டா, இங்கே, முடிந்தது.

கார்டை வைத்தார், டிக்கெட் வந்தது. பேரன் அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். பெரியவர் என் தோளில் தட்டி, "இன்த்தே அரபி மியா மியா" என்றார். நூற்றுக்கு நூறு. சுற்றுமுற்றும் பார்த்தேன். திருநெல்வேலிப் பையனைக் காணோம். வேண்டாத நேரத்தில் மட்டும் கூடவே நிற்பான்.