அவன் ஆடுகிறானா?

டிசம்பர் 6, 2024, வெள்ளி

ஆஸ்திரேலியத் தொடரில், பெர்த் டெஸ்டில் வெளியே உட்கார வைக்கப்பட்டிருந்த சுழற்பந்து வீச்சாளர் அஸ்வின், அடிலெய்டில் ஆடுகிறார். காலை ஒன்பதரை மணிக்கு ஆட்டம் தொடங்கிய நேரத்தில்தான் மருத்துவமனையில் அப்பாவுக்குப் படுக்கை ஒதுக்கினார்கள். இரண்டும் சேர்ந்து வந்ததை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன். மாலைக்குள் இந்தியா 180 ரன்னில் சுருண்டது; அவர் எடுத்தது 22. அப்பாவின் மூக்குக்கண்ணாடி குடியாத்தத்தில் அலமாரி மேலேயே தங்கிவிட்டது.

டிசம்பர் 8, ஞாயிறு

பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோல்வி. அஸ்வினுக்கு 18 ஓவரில் ஒரே விக்கெட். அப்பாவுக்குக் கஞ்சியும் தங்கவில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

சதையில் சிறு துண்டை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்கள். முடிவு தெரியப் பத்து நாள் ஆகலாம் என்றார்கள். பத்து நாள் என்றால் அடுத்த டெஸ்ட் முடிந்துவிடும் என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக என்மேல் எனக்கே வெறுப்பு வந்தது.

அப்பா ஒருக்களித்துப் படுக்க முடியாமல் தவிக்கும்போதெல்லாம் 2021 ஜனவரி சிட்னிதான் நினைவுக்கு வருகிறது. முதுகு வலியால் அன்று காலை காலணிக் கயிறு கட்டக்கூட அஸ்வினால் குனிய முடியவில்லை என்று அவர் மனைவி பிறகு எழுதியிருந்தார். அந்த உடம்போடு அவர் 128 பந்துகளைச் சந்தித்து 39 ரன்னுடன் கடைசிவரை நின்றார். எதிர்முனையில் தொடைத் தசை பிடித்துக்கொண்ட விஹாரி. அந்த ஆட்டத்தை நானும் அப்பாவும் ஒரு வார்த்தை பேசாமல் பார்த்தோம். அப்பா, பழைய ஆஃப் ஸ்பின்னர் வெங்கட்ராகவன் காலத்து ஆள். ஆஃப் ஸ்பின் போடுகிறவன் பந்தைத் திருப்ப வேண்டுமே தவிர சுண்டக் கூடாது என்பது அவர் கட்சி. விரலால் சுண்டிவிட்டு எதிர்ப்பக்கம் திருப்பும் கேரம் பந்தை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. அன்று மட்டும் ஆட்டம் டிராவில் முடிந்ததும், "பையன் கெட்டிக்காரன்தான்" என்று சொல்லிவிட்டுத் தறிக்குழியில் இறங்கினார்.

டிசம்பர் 13, வெள்ளி

தீபம். விடாத மழை. விடுதிக்காரர் வாசலில் இரண்டு அகல் வைத்தார், இரண்டும் அணைந்தன. தம்பி வந்தான், கண்ணாடியை மறந்துவிட்டு.

டிசம்பர் 14, சனி

பிரிஸ்பேன் டெஸ்ட். அஸ்வின் இல்லை, ஜடேஜா. விடியற்காலையில் தாழ்வாரத்தில் நின்று அணிப் பட்டியலை மூன்று முறை படித்தேன்.

உள்ளே போனதும் அப்பா கண்ணைத் திறக்காமலேயே, "அவன் ஆடுகிறானா?" என்றார். ஆடுகிறார் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் விளங்கவில்லை. இரவெல்லாம் காய்ச்சலில் கிடந்தவரிடம் இல்லை என்ற சொல்லோடு ஒரு நாளைத் தொடங்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். நல்லவேளையாக அங்கேயும் மழை, 13.2 ஓவரோடு ஆட்டம் நின்றதால் மேற்கொண்டு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மதியம் தட்டிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து விரல்களுக்கிடையே பிடித்துக் காட்டினார். இடது புறங்கையில் ஊசி செருகிப் பிளாஸ்திரி ஒட்டியிருந்ததால் வலது கை. ஆள்காட்டி விரலின் முதல் கணு பழத்தின்மேல் அழுந்த, மணிக்கட்டு மெல்லத் திரும்பியது. தறி நாடாவை வீசி வீசிக் காய்த்துப்போன அந்த விரல் நடுங்கிற்று. பழம் போர்வையில் விழுந்து, அவர் நினைத்ததற்கு எதிர்ப்பக்கமாக உருண்டது. "பார், உன் ஆள் போடுகிற பந்து" என்றார்.

டிசம்பர் 15, ஞாயிறு

ஆஸ்திரேலியாவுக்கு ஹெட் 152, ஸ்மித் 101. பும்ரா எடுத்த விக்கெட்டுகளில் ஒன்றைக் கழற்றி அஸ்வினிடம் கொடுத்துவிட்டேன். ஹெட்டை அவர்தான் எடுத்தார் என்று அப்பாவிடம் சொன்னேன். "எத்தனையில்?" என்றார். 152 என்றேன். அதன்பின் அவர் எதுவும் கேட்கவில்லை.

டிசம்பர் 16, திங்கள்

மார்கழி பிறந்துவிட்டது. இந்தியா 51க்கு 4.

டிசம்பர் 17, செவ்வாய்

பக்கத்துப் படுக்கைக்காரரின் மகன் மேற்கு வங்காளத்திலிருந்து வந்தவர். எங்கள் விடுதித் தெருவில் பாதிப் பெயர்ப்பலகைகள் வங்காளியில் இருப்பதும், காய்கறிக்காரம்மா வங்காளியில் விலை சொல்வதும் அவருக்குப் பெரிய ஆறுதல். ஃபாலோ ஆனை, அதாவது உடனே மறுபடியும் ஆட வைக்கப்படுவதை, இந்தியா தவிர்க்க 246 வேண்டும். ஒன்பது விக்கெட் போய்விட்டது. களத்தில் பும்ராவும் ஆகாஷ் தீப்பும். ஆகாஷ் தீப் பீகாரில் பிறந்தவரானாலும் ரஞ்சியில் ஆடுவது வங்காளத்துக்கு. கம்மின்ஸ் பந்தில் அவர் நான்கு அடித்து அந்த எண்ணைத் தாண்டியதும், அந்த மனிதர் மருந்துச் சீட்டோடு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருடைய ஆள் களத்தில் இருக்கிறார். என்னுடையவர் பெஞ்சில் இருக்கிறார். பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்.

அஸ்வின் எத்தனை அடித்தார் என்று அப்பா கேட்டால் ஜடேஜாவின் 77இல் கொஞ்சம் வெட்டிக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை.

டிசம்பர் 18, புதன்

மருந்தகத்தில் டோக்கன் வைத்துக்கொண்டு நின்றபோது அந்தச் செய்தி வந்தது. மழையால் ஆட்டம் நின்றிருந்த நேரத்தில் உடைமாற்றும் அறையில் கோலி அஸ்வினைக் கட்டிக்கொண்டதைப் பார்த்தபோதே வயிற்றைப் பிசைந்தது. ஆட்டம் டிரா ஆனதும் ரோகித்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இந்திய வீரராக இதுவே தன் கடைசி நாள் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். 106 டெஸ்ட், 537 விக்கெட், 6 சதம். ஒரு பந்துகூட வீசாத ஆட்டத்தின் முடிவில். சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிராக 113 அடித்து 6 விக்கெட்டும் எடுத்தது செப்டம்பரில்தான். சொல்வதாக இருந்தால் அன்றே, எங்கள் கண்ணெதிரில் சொல்லியிருக்கலாம். என் எண்ணை இரண்டு முறை கூப்பிட்டார்கள் போலிருக்கிறது. வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடியும் நின்றேன்.

அப்பாவிடம் சொன்னேன். சற்று நேரம் மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

"பெஞ்சில் உட்கார்ந்தபடியேவா?"

எப்படித் தெரியும் என்றேன். "ஒரு இடதுகைக்காரனை 152 வரைக்கும் விட்டுவைப்பானா அவன்? நீ சொன்ன அன்றைக்கே தெரியும்."

டெஸ்டில் அஸ்வின் இடதுகை ஆட்டக்காரர்களை 250 முறைக்கு மேல் எடுத்திருக்கிறார், ஸ்டோக்ஸை மட்டுமே 13 முறை. அப்பாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அடிலெய்டில் அவர் ஆடியபோதும் இதே ஹெட் 140 அடித்தார் என்பதை நான் சொல்லவில்லை.

டிசம்பர் 19, வியாழன்

சென்னையில் வீட்டு வாசலில் மேளதாளத்தோடு வரவேற்பு. நான் பார்க்கவில்லை. இரவு ராஜ்கோட்டை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். இந்த ஆண்டு பிப்ரவரி 16ஆம் தேதி 500ஆவது விக்கெட்டை எடுத்துத் தன் அப்பாவுக்குச் சமர்ப்பித்த அன்றிரவே, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று டெஸ்டை நடுவில் விட்டுவிட்டுச் சென்னைக்கு ஓடினார். நான்காம் நாள் திரும்பி வந்து பந்து வீசினார். திரும்பி வருகிற அளவுக்கு அங்கே நிலைமை தேறியிருந்தது என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 20, வெள்ளி

கண்ணாடி வந்துவிட்டது. அப்பா கைபேசியை வாங்கித் தாமே படித்தார். மகனை அவமதித்துவிட்டார்கள் என்று அஸ்வினின் அப்பா தொலைக்காட்சியில் பேசியதையும், தன் அப்பாவுக்குப் பேட்டி கொடுத்துப் பழக்கமில்லை, மன்னித்து விட்டுவிடுங்கள் என்று மகன் கிண்டலாக எழுதியதையும் படித்துச் சிரித்தார், சிரிப்பு இருமலாயிற்று. முதுகைத் தடவிக் கொடுத்தேன். "பெற்றவன் பேசாமல் வேறு யார் பேசுவான்?" என்றார்.

எலுமிச்சம்பழம் இன்னும் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது, தோல் சுருங்கி.

செவிலியர் வந்து, கூட இருப்பவரை மட்டும் டாக்டர் வரச் சொல்கிறார் என்கிறார்.