பால்பல் நாட்குறிப்பு: முக்கூடல் பக்கத்து அங்கன்வாடியிலிருந்து

ஜூன் 16

லீவு முடிந்து பிள்ளைகள் எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். எடை, உயரம் எழுதுகிற கையோடு ஒவ்வொரு பிள்ளையின் மேலுதட்டையும் தூக்கிப் பார்த்தேன். உதட்டைத் தூக்காமல் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு இழுத்தது மாதிரி வெள்ளைக் கோடு தெரிந்தால் சொத்தை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் ஃபுளோரைடு பேஸ்ட் போட்டு ரெண்டு வேளை தேய்த்து, இனிப்பையும் குறைத்தால் பல் திரும்ப இறுகிக்கொள்ளும். குழி விழுந்த பிறகு தானாக மூடாது.

மூன்றரை வயதுப் பையன் ஒருத்தனுக்கு மேல் முன்பல் நாலும் பாதி கரைந்து பழுப்பாக நிற்கிறது. கீழ் முன்பல்லில் ஒரு பொட்டுக்கூட இல்லை. பார்த்ததுமே ராத்திரிப் பாட்டில்தான் என்று தெரிந்தது. படுத்துக்கொண்டு சப்பும்போது கீழ்ப்பல்லை நாக்கு மறைத்துக்கொள்ளும், சீனி போட்ட பால் மேல்பல்லில் தேங்கும். தூக்கத்தில் எச்சில் ஊறுவதும் குறைவு.

கூட்டிப்போக வந்த ஆச்சியிடம் சொன்னேன். "விழப்போற பல்லுதான டீச்சர், விடுங்க" என்றார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் இதே பதில்தான். முன்பல் ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் விழும், சரி. கடைவாய்ப் பால்பல் பத்துப் பதினொரு வயதுவரை இருக்க வேண்டியது. அதுவரை அவன் எதை வைத்துச் சோறு மெல்லுவான்? அது முந்தியே போய்விட்டால் பக்கத்துப் பல் சாய்ந்து, அடியில் முளைக்கிற நிலைப்பல்லுக்கு இடம் இல்லாமல் போகும்.

ஜூன் 19

மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனேன். அம்மா மடியில் பீடித்தட்டு. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி, கை நின்றால் காசும் நின்றுபோகும். பக்கத்தில் பையன் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தான். பால் தீர்ந்ததும் ரஸ்க், அதுவும் தீர்ந்ததும் கருப்பட்டித் துண்டு.

"அவன் அழுதாம்னா வேலை ஓடாது டீச்சர். என்ன செய்யச் சொல்லுதிய?"

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விவரத்தை மட்டும் சொன்னேன். இனிப்பு பட்டதும் வாயில் இருக்கிற கிருமி அதை அமிலமாக்கிப் பல்லைக் கரைக்கும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரைமணி, ஒருமணி ஆகும். அதற்குள் அடுத்த ரஸ்க் போனால் பல்லுக்கு ஓய்வே கிடையாது. அதனால் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைவிட எத்தனை தடவை கொடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். கருப்பட்டி உடம்புக்கு நல்லது என்று ஆச்சி குறுக்கே வந்தார்கள். பல்லுக்கு அதுவும் சர்க்கரைதான். கருப்பட்டியைச் சோற்றோடு சேர்த்து ஒரே வேளையாகக் கொடுத்துவிட்டு, இடையில் அழுதால் வெள்ளரிக்காய்த் துண்டோ அவித்த முட்டையோ கொடுக்கச் சொன்னேன்.

ஜூன் 24

பாட்டிலை ஒரேயடியாகப் பிடுங்கினால் வீடே தூங்காது. பாலில் நாளுக்கு நாள் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் வெறும் தண்ணீராக்கிவிட வேண்டும். பால் பகலில், டம்ளரில். ஒரு வயதிலேயே டம்ளருக்கு மாற்றிவிட்டால் இவ்வளவு பாடு இல்லை.

இன்று பல் தேய்க்கிற முறையைக் காட்டிக்கொடுத்தேன். அம்மா தரையில் சம்மணம் போட்டு, பையன் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் புகையிலைத் தூள் ஏறிப் பழுப்பாக இருந்தது. முதலில் சோப்புப் போட்டுக் கழுவிவரச் சொன்னேன். பேஸ்ட் மூணு வயதுக்குள் அரிசி அளவு, மூணிலிருந்து ஆறுவரை பட்டாணி அளவு. டியூபில் ஃபுளோரைடு 1000 பிபிஎம் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். தேய்த்து முடித்து நுரையைத் துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம். ராத்திரி தேய்த்த பிறகு தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது. ஆச்சி உமிக்கரி எடுத்துவந்தார்கள். பால்பல்லின் எனாமல் மெல்லிசு, அதில் உமிக்கரி போட்டுத் தேய்க்கவே கூடாது.

ஜூலை 3

ராத்திரி கடைவாயைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறான். பக்கத்து வீட்டில் கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்தால் பூச்சி விழும் என்றார்களாம். சொத்தையில் புழு பூச்சி எதுவும் இல்லை, புகையால் பிள்ளைக்கு வாய்தான் வெந்துபோகும். அம்மாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினேன்.

டாக்டரம்மா முன்பல் நாலிலும் சின்ன பிரஷால் ஒரு மருந்தைத் தொட்டுவைத்தார்கள். சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்று பெயர். ஊசி இல்லை, மிஷின் சத்தம் இல்லை, பையன் அழவும் இல்லை. சொத்தை மேலே பரவாமல் நிற்கும், ஆனால் சொத்தையான இடம் கறுத்துவிடும் என்று முதலிலேயே சொல்லிச் சம்மதம் கேட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்த மருந்து அது. கடைவாய்ப் பல்லில் சொத்தை நரம்புவரை போய்விட்டதால் அங்கே அது பலிக்காது. நரம்பைச் சுத்தம் செய்து ஸ்டீல் மூடி போட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஆச்சிக்கு ஒரே வருத்தம். "பிள்ளை பல்லு இப்படிக் கறுத்துப் போச்சே." வலி இல்லாத கறுப்புப் பல் தேவலை ஆச்சி, ஏழெட்டு வயதில் புதுப்பல் வெள்ளையாய் முளைக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். பாதி மனசாய்த்தான் தலையாட்டினார்கள்.

ஜூலை 14

ஆனித் தேரோட்டம் முடிந்து பிள்ளைகள் கையில் இன்னும் ஊதலும் மிட்டாயும். மிட்டாயைச் சாப்பாட்டு நேரத்துக்கு எடுத்துவைத்தேன்.

ஸ்டீல் மூடி போட்டாயிற்று. இன்று சத்துணவில் ரெண்டு தடவை சோறு வாங்கி, அந்தப் பக்கத்துக் கடைவாயிலேயே மென்றான்.

அவன் அக்காவுக்கு ஆறு வயது. கூட்டிப்போக வந்தவள் வாயையும் திறந்து பார்த்தேன். எந்தப் பல்லும் விழாமலே கடைசியில் புதுசாக ஒரு கடைவாய்ப்பல் எட்டிப் பார்க்கிறது. வீட்டில் அதையும் பால்பல் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். குழியும் வரியுமாக இருப்பதால் சொத்தை சீக்கிரம் பிடிக்கும், முளைத்து முடிந்ததும் டாக்டரிடம் காட்டி அந்த வரிகளை அடைத்துவைக்கலாம். அம்மாவிடம் சொன்னபோது தட்டை இறக்கி வைத்துவிட்டு, பிள்ளையை வெளிச்சத்துக்குத் திருப்பி அவளே பார்த்தாள். தம்பியை அடுத்து காட்டப் போகும்போது இவளும் வருகிறாள்.