மனைவிக்குச் சிறுநீரகம் கொடுக்க முன்வரும் கணவருக்கு

இந்தியாவில் உயிரோடிருந்து சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெற்றுக்கொள்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். நான் பார்த்த கிறிஸ்தவக் குடும்பங்களிலும் இதே நிலைதான். கணவனுக்கு என்றால் மனைவி கேட்காமலே முன்வருகிறாள். மனைவிக்கு என்றால் அவளுடைய அம்மாவையும் அக்காவையும் தேடுகிறோம். எபேசியர் 5:25 யாரிடம் பேசுகிறது? கிறிஸ்து திருச்சபைக்காகத் தம்மையே கையளித்ததுபோல அன்பு செய்யச் சொல்வது கணவர்களிடம்தான். என் மனைவிக்குச் சிறுநீரகம் கொடுத்தவன் என்ற முறையில், இந்த வழியில் இறங்க நினைக்கும் ஆண்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் இரத்தப் பிரிவு. பாசிட்டிவா நெகட்டிவா என்பது இதில் பொருட்டே இல்லை. ஏ, பி, ஓ ஒத்துவந்தால் போதும். இரத்த உறவு இல்லாதவர்களுக்குத் திசு பொருந்துமா என்று வீட்டில் எல்லாரும் பயப்படுவார்கள். பெரும்பாலும் முழுதாகப் பொருந்தாது. ஆனாலும் வாழ்க்கைத்துணை கொடுத்த சிறுநீரகங்கள் பெற்றோர் கொடுத்தவற்றுக்கு ஈடாக வேலை செய்வதை 1995இலேயே அமெரிக்கத் தரவுகள் காட்டிவிட்டன.

உண்மையான தடை கிராஸ்மேட்ச் சோதனை. கொடுப்பவரின் அணுக்களைப் பெறுபவரின் இரத்தம் எதிர்க்கிறதா என்று பார்ப்பது அது. மனைவி கருவுற்றிருந்தபோது, குழந்தை வழியாகக் கணவனின் திசு அடையாளங்கள் அவள் உடலுக்குத் தெரியவந்திருக்கும். அவற்றுக்கு எதிரான ஆன்டிபாடிகள் (எதிர்ப்புப் புரதங்கள்) இருந்தால் சோதனை பாசிட்டிவாக, அதாவது பொருந்தாது என்று வரலாம். டயாலிசிஸ் காலத்தில் இரத்தம் ஏற்றுவதும் இந்த ஆபத்தைக் கூட்டும். எனவே ஹீமோகுளோபின் குறையும்போது இரத்த உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் ஊசியாலேயே சமாளிக்க முடியுமா என்று மருத்துவரைத் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். பாசிட்டிவ் வந்தால் மனம் விட்டுவிட வேண்டாம். இதே சிக்கலில் இருக்கும் இன்னொரு குடும்பத்துடன் மாற்றிக்கொள்ளும் ஸ்வாப் முறைக்கு உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 2011ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது. உங்களுடையது முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும். அவர் வீட்டாருடையது உங்கள் மனைவிக்கு வரும்.

உங்கள் உடலுக்கும் சோதனைகள் உண்டு: சர்க்கரை, இரத்த அழுத்தம், 24 மணி நேரச் சிறுநீரில் புரதம், ஒவ்வொரு சிறுநீரகமும் எவ்வளவு இயங்குகிறது என்று காட்டும் டிடிபிஏ ஸ்கேன், இரத்தக்குழாய்களைப் பார்க்கும் சிடி ஆஞ்சியோ. சர்க்கரை நோய் இருந்தால் பொதுவாக ஏற்கமாட்டார்கள். இரண்டு சிறுநீரகங்களும் ஒரே மாதிரி இயங்கினால் பெரும்பாலும் இடது சிறுநீரகத்தையே எடுப்பார்கள். அதன் சிரை (இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய்) நீளமாக இருப்பதால் பொருத்துவது எளிது.

அதிகம் இழுத்தடிப்பது காகிதம்தான். சட்டப்படி கணவன் மனைவி நெருங்கிய உறவினர். தம்பதியருக்குரியது படிவம் 2. அதோடு திருமணச் சான்று, திருமணப் புகைப்படம், குடும்பப் புகைப்படம், பெற்றோர் பெயருள்ள பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவை வேண்டும். நம்மவர்கள் மாட்டிக்கொள்வது பெயரில். பங்குக் கோயிலின் பதிவேட்டில் ஆரோக்கிய மேரி, ஆதாரில் மேரி, பான் கார்டில் எம். மேரி. மூன்றும் ஒரே ஆள்தான் என்று பிறகு உறுதிமொழிப் பத்திரம், சான்று என்று அலைய வேண்டியிருக்கும். டயாலிசிஸ் தொடங்கிய வாரமே பங்குத்தந்தையிடம் பதிவேட்டின் நகலை வாங்கி, எல்லா அட்டைகளோடும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுவிடுங்கள்.

மனநல மருத்துவர் உங்களைத் தனியாக அழைத்துப் பேசுவார். யாராவது வற்புறுத்துகிறார்களா, மறுத்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று கேட்பார். உண்மையைச் சொல்லுங்கள். மனமில்லை என்றால், "மருத்துவக் காரணத்தால் தகுதியில்லை" என்று மட்டும் குடும்பத்தாருக்குச் சொல்லி உங்களைக் காப்பாற்றும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். கொடுப்பவர் பெண்ணாக இருந்தால், அவருடைய சொந்தச் சம்மதத்தை, சிறுநீரகம் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதிசெய்ய வேண்டும் என்று அதே சட்டத்தின் 2014 விதிகள் தனியாகவே சொல்கின்றன. அந்த விதி ஏன் தேவைப்பட்டது என்று ஒவ்வொரு கணவனும் யோசிக்க வேண்டும். தன்னைக் கொடு என்று எனக்குக் கட்டளை இருக்கிறது. உன்னைக் கொடு என்று அவளிடம் கேட்கும் உரிமை எனக்கு எங்கும் எழுதித் தரப்படவில்லை.

கத்தோலிக்க மறைக்கல்வி 2296ஆம் எண், கொடுப்பவருக்கு வரும் ஆபத்து பெறுபவரின் நன்மைக்குத் தகுந்த அளவில் இருக்க வேண்டும் என்கிறது. அறுவையால் கொடுப்பவர் இறக்கும் வாய்ப்பு, 1994–2009 அமெரிக்கத் தரவுகளில், 10,000 பேரில் சுமார் 3 ஆக இருந்தது. இதை மறைக்காமல் மனைவியிடமும் வளர்ந்த பிள்ளைகளிடமும் சொல்லுங்கள்.

இப்போது அறுவை பெரும்பாலும் சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறைதான். சிக்கல் இல்லையென்றால் சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பலரும் திட்டமிடாமல் விடுவது ஒன்று உண்டு: இருவரும் ஒரே நேரத்தில் படுத்திருப்பீர்கள். மனைவிக்குத் தொற்று வராமல் தனி அறையும் அவரைக் கவனிக்க ஒருவரும் வேண்டும், உங்களுக்கு இன்னொருவர். ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் தூக்கக்கூடாது. சமையலை அன்பியத்துக்காரர்கள் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் குழு) முறைவைத்து ஏற்றுக்கொண்டால் பெரிய உதவி. ஆனால் மனைவிக்கு வரும் சாப்பாடு நன்றாக வெந்து, சூடாக இருக்க வேண்டும். புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்க டாக்ரோலிமஸ் சாப்பிடுபவருக்குப் பம்ளிமாஸ் பழம் கூடாது. இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும்.

பிறகு வரும் ஆண்டுகளில், சின்னச் சண்டையில்கூட "நான் கொடுத்தேனே" என்ற பேச்சு வாயில் வரக்கூடாது. மனைவி மாத்திரை தவறினால் கோபம் வரும்தான். 12 மணி நேர இடைவெளிக்கு அலாரம் வைத்துக்கொடுத்து, தண்ணீர் டம்ளரை நீட்டுங்கள்.

உங்களுக்கு மூட்டுவலி வந்தால் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். ஆண்டுக்கொருமுறை இரத்த அழுத்தம், சிறுநீரக இயக்கத்தைக் காட்டும் கிரியாட்டினின், சிறுநீர்ப் புரதம் பார்க்க வேண்டும். மனைவியின் பரிசோதனை நாளிலேயே உங்களுடையதையும் சேர்த்துக்கொண்டால் விடுபடாது.