கங்கை முகத்துவாரமும் எல்வா ஆற்று சல்மனும்

திருகோணமலையிலிருந்து மூதூருக்குத் தரைவழியே செல்லும் பேருந்து, கிண்ணியாப் பாலத்தைக் கடந்தபின் உப்பாறு, கங்கை, இறால்குழி என அடுத்தடுத்த பாலங்களில் ஏறி இறங்குகிறது. இத்துறைகளில் மிதவைப் பாதைக்காக மணிக்கணக்கில் காத்துக் கிடந்த தலைமுறைக்கு, 2009இல் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலத்தின் அருமை நன்கு தெரியும். நான் கங்கைப் பாலத்தடியில் இறங்கிக்கொண்டேன். மலைநாட்டிலிருந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை, கொட்டியாரக் குடாவில் கலப்பதற்கு முன்னர் இவ்வழியேதான் செல்கிறது.

அமெரிக்காவின் வொஷிங்ரன் மாநிலத்திலுள்ள எல்வா ஆற்றைப் பார்த்து வந்த பிறகு, ஆற்று முகத்துவாரங்களைக் காணும் என் கண்ணே மாறிவிட்டது. 1913இலும் 1927இலும் கட்டி முடிக்கப்பட்ட இரண்டு அணைகள், ஆற்றில் பிறந்து கடலில் வளர்ந்து முட்டையிட மீண்டும் ஆறு ஏறி வரும் சல்மன் மீன்களின் வழியை அங்கே மறித்திருந்தன. அவ்வாற்றங்கரையின் பூர்வ குடிகளான கிளாலம் மக்கள் நெடுங்காலம் போராடியதன் பயனாக, 2011இல் தொடங்கி 2014க்குள் இரண்டையும் உடைத்து அகற்றினார்கள். 110 கிலோமீற்றருக்கும் அதிகமான நீர்வழி மீன்களுக்குத் திறந்துவிடப்பட்டது. என்னை அதிகம் வியக்க வைத்தது ட்ரவுட் மீனின் கதை. மேலணைக்கு அப்பால் தலைமுறை தலைமுறையாக அடைபட்டு, கடலையே காணாமல் வாழ்ந்த வானவில் ட்ரவுட்டின் மரபில் கடலுக்குச் செல்லும் இயல்பு அழியாமல் இருந்திருக்கிறது. வழி திறந்ததும் அவற்றின் வழித்தோன்றல்கள் கடலுக்குச் சென்று, ஸ்டீல்ஹெட் என்னும் பெரிய மீன்களாகக் கோடையில் ஆறு ஏறி வரத் தொடங்கின.

ஆனால் அணைகளுக்குப் பின்னால் சிறைப்பட்டிருந்தவை மீன்கள் மட்டுமல்ல. ஏறக்குறைய 2 கோடி கன மீற்றர் வண்டலும் மணலும் கூழாங்கல்லும் அங்கே தேங்கிக் கிடந்தன. சல்மன் தன் வாலால் கூழாங்கற்களைப் பறித்துக் குழியாக்கி முட்டையிடும். கற்களின் இடுக்கில் குளிர்ந்த நீர் ஊடோடினால்தான் முட்டை மூச்சுவிடும். கல் வராத ஆற்றில் எவ்வளவு தெளிந்த நீர் ஓடினாலும் அதற்குப் பயனில்லை. விடுபட்ட வண்டல் முதலில் ஆற்றைச் சேறாக்கி மீன்களை வருத்தியது என்றாலும், பின்னர் படுகையில் கல்லும் மணலும் சேர்ந்தன. கடல் அரித்திருந்த முகத்துவாரத்தில் புதிய மணற்கரையே உருவாயிற்று.

கங்கைக் கரையில் வீச்சுவலையை உதறிக்கொண்டிருந்த முதியவரிடம், “காக்கா, முந்தி இங்கே விலாங்கு நிறையப் படுமா?” என்று கேட்டேன். “படும் தம்பி. இப்ப விலாங்கும் குறைவு, மண்ணும் குறைவு” என்றார். இரண்டையும் அவர் ஒரே மூச்சில் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. விலாங்கு, சல்மனுக்கு நேர்மாறான பயணி: கடலில் பிறந்து, கண்ணாடி போன்ற குஞ்சாக முகத்துவாரத்தில் நுழைந்து, ஆற்றில் வளர்ந்து, முட்டையிட மீண்டும் கடலுக்குச் செல்வது. ஈரச் சுவரில் ஓரளவு ஊர்ந்தேறக்கூடிய அக்குஞ்சுக்கும் மகாவலியை மறிக்கும் 122 மீற்றர் உயர விக்டோரியா அணை ஏற முடியாத மலைதான். அந்த நீர்த்தேக்கத்தில் படியும் மணலும் கொட்டியாரத்துக்கு வந்து சேரப்போவதில்லை. தப்பி வருவதையும் ஆற்றுப்படுகையில் அகழ்ந்து டிப்பரில் ஏற்றிவிடுகிறோம்.

இதே மகாவலி பிறக்கும் மலைநாட்டில் ட்ரவுட் இருப்பது ஒரு வேடிக்கை. ஆங்கிலேயர் தம் தூண்டில் பொழுதுபோக்குக்காக 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொண்டுவந்து விட்ட அந்நிய மீன் அது. அதற்காக ஓடையைச் சீர்படுத்த வேண்டிய கடமை நமக்கில்லை என்பது என் எண்ணம்.

மகாவலி அணைகளை உடைக்கச் சொல்லவும் நான் வரவில்லை. நெல்லும் மின்சாரமும் அவற்றை நம்பியிருக்கின்றன. எல்வாவில் அணை நீக்கத்தோடு நில்லாமல், கரையில் மரம் நட்டும், பெரிய அடிமரங்களை ஆற்றுக்குள் அடுக்கி மீன் தங்கும் மடுக்களை உண்டாக்கியும் வேலை செய்தார்கள். இங்கே அத்தகைய வேலையைக் கரையோர மருத மரங்களும் அவற்றின் வேர்களும் செலவின்றிச் செய்கின்றன. குஞ்சு மீன்களுக்குப் புகலிடமாக முகத்துவாரத்தில் கண்டல் இருக்கிறது. மணல் அகழ்வைக் கட்டுப்படுத்தி இவ்விரண்டையும் வெட்டாமல் விடுவது, உடைப்பதைவிட மிக எளிய காரியம்.

விலாங்குக்காக யார் இதையெல்லாம் செய்வார்கள் என்று காக்கா சிரித்தார். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் நல்ல விலைக்கு விற்கும் பெரிய ஆற்று இறாலும் இதே வழியை நம்பி வாழ்வது. தாய் இறால் உவர்நீருக்கு இறங்கி வந்துதான் குஞ்சு பொரிக்கும். அக்குஞ்சு ஓரளவு வளர்ந்தபின் நன்னீர் தேடி மேலே ஏறும். விலாங்கை விட்டுவிட்டு இறாலைப் பற்றிப் பேசியதும் அவர் வலையைக் கீழே வைத்துவிட்டு, எந்தெந்த வளைவுகளில் மண் அள்ளிய பிறகு இறால் படுவதில்லை என்று ஒவ்வொன்றாகக் கைகாட்டத் தொடங்கினார்.